மடக்கிய விரல்

பல்லரோச் சந்தையின் மீன்வாடையோடு ஜூலை வெயில் யன்னலால் வருகிறது. தாம் சிஞ்ஞோர் என்று கூப்பிட்டுப் பராமரிக்கும் தொண்ணூற்றிரண்டு வயது வெள்ளைக்கார ஐயாவின் நகங்களை மகேந்திரராசா வெட்டிக்கொண்டிருக்கிறார். வலது சுட்டுவிரலை மட்டும் கிழவர் மடக்கிக்கொண்டு ஏதோ முனகுகிறார். "என்னவாம்?" என்று கோப்பியோடு வந்த மனைவி நாகபூசணி கேட்கிறாள். "உலகயுத்தத்தில கடலால வந்திறங்கின ஆமி, பின்வாங்கி ஓடின ஜேர்மன்காரரைத் துரத்தினதாம். ஒருத்தன் எலுமிச்சைத் தோட்டத்துக்குள்ள ஒளிச்சிருந்தவனாம். பத்து வயசில இவர் இந்த விரலாலதான் காட்டினவராம். பிஸ்கட் குடுத்தவங்களாம்." "அவனைச் சுட்டவங்களோ?" "ஓம்" என்கிறார் மகேந்திரராசா, தலையை அசைக்காமல். வன்னியில் தப்பியோடியவர்களை ஆமி தேடிய நாட்களில், கண்ணுக்கு மட்டும் துளையிட்ட சாக்குக்குள் இருந்து, வரிசையில் நின்ற இரண்டு பேரைக் காட்டிக்கொடுத்து ஆடிய தலை அது. நாகபூசணிக்கு அது தெரியாது. "பாவி" என்கிறாள், கிழவரைப் பார்த்து. மகேந்திரராசா நிமிரவில்லை.