கதவிடுக்கில் ஒரு ஸ்க்ரூடிரைவர்

லிஃப்ட் மெக்கானிக் நான்கு மாடியும் படியேறியே வந்திருக்கிறார். நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரால் எந்த லிஃப்டிலும் கால் வைக்க முடியவில்லை. குளியலறைக் கதவைக்கூடச் சாத்துவதில்லை. மனநல ஆலோசகரின் அறைக்குள் நுழைந்ததும், கதவு மூடிக்கொள்ளாதபடி இடுக்கில் தன் ஸ்க்ரூடிரைவரைச் செருகுகிறார். ஜன்னல் வெயில் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது. "எவ்வளவு நேர வேலைங்க மேடம்? மத்தியானம் ஒரு மோட்டார் மாத்தணும்" என்கிறார். ஆலோசகர் சிரித்துவிடுகிறார். "ஒரே நாள்ல முடியாது சார், வாரா வாரம் வரணும். நான் புத்திமதி சொல்லமாட்டேன், நீங்க சொல்றதக் கேட்பேன். இங்க பேசறது வெளிய போகாது." "புத்திமதி வீட்லயே தாராளமா கிடைக்குது" என்றபடி அவர் வாசலைப் பார்க்கிறார். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மனைவியின் வளையல் சத்தம் துல்லியமாகக் கேட்கிறது. அப்படியானால் உள்ளே பேசுவதும் அவளுக்குக் கேட்கும். சட்டென்று எழுந்து கதவருகே போகிறார். "திறந்தே இருக்கட்டும் சார், பரவால்ல." "இல்ல மேடம். லிஃப்டுக்குள்ள நான் குழந்தை மாதிரி அழுதது அவளுக்குத் தெரியாது." ஸ்க்ரூடிரைவரை உருவுகிறார். கதவு மெல்ல வந்து சாத்திக்கொள்கிறது. அவருக்குக் கழுத்தெல்லாம் வேர்க்கிறது. ஸ்க்ரூடிரைவரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். "அன்னிக்கு மொதல்ல லைட்டுதான் அணைஞ்சுது" என்று ஆரம்பிக்கிறார்.