ஒரு துளியும் மிஞ்சக்கூடாது

“பிள்ளை போயிற்றுது, டொக்டர். இனி அவனுக்கும் எங்களுக்கும் என்ன ரத்த உறவு? மகளைக் கூட்டிக்கொண்டு போகப்போறன்.”

சிவகுருநாதன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திருகோணமலை அரசாங்கக் கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் தர்மகர்த்தா. அவருடைய ஒரே மகள் பூரணி, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்யும் ஞானசேகரத்தைப் பதிவுத் திருமணம் செய்து ஒரு வருடம். மருமகன் சாதி குறைவு என்று அவர் அவர்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. முதல்நாள் பூரணிக்கு நாலாம் மாதக் கரு கலைந்தது என்று கேள்விப்பட்ட பிறகே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

“போறதைப் பற்றி மகளிட்டைக் கேளுங்கோ, ஐயா. இப்ப வேற அவசரம் இருக்கு” என்றார் டொக்டர் றஊப். “மகளின்ர ரத்தம் நெகட்டிவ். மருமகன்ர பொசிட்டிவ். பிள்ளைக்கும் தகப்பன்ர வகைதான் இருந்திருக்கும். கரு கலையேக்கை பிள்ளையின்ர ரத்தம் கொஞ்சம் தாயின்ர ரத்தத்துக்குள்ளை போயிடும்.”

சிவகுருநாதன் கதிரையின் நுனிக்கு வந்தார்.

“அவன்ர வகை ரத்தம்... என்ர மகளின்ர உடம்பிலையோ?”

“ஓம்.”

“எடுக்க ஏலாதோ?”

“ஒரு ஊசி இருக்கு. அந்த ரத்த அணுக்களை அழிச்சுப்போடும். மூண்டு நாளுக்குள்ளை போடவேணும். கொழும்பிலைதான் வாங்கலாம். அது என்னத்துக்கெண்டால்...”

“விளங்கிற்றுது, டொக்டர். மருந்துத் துண்டை எழுதுங்கோ.”

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த ஞானசேகரம் எழுந்தான். அழுது கண் சிவந்திருந்தது.

“மாமா, நான் ரெயினிலை போய் வாங்கியாறன்.”

“தேவையில்லை. இது எங்கட குடும்ப விஷயம்.”

சிவகுருநாதன் தன் பழைய ஒஸ்டின் காரை எடுத்துக்கொண்டு தானே கொழும்புக்குப் போனார். இரண்டு மருந்துக் கடைகளில் இல்லை என்றார்கள். மூன்றாவதில் கெஞ்சி வாங்கினார். திரும்பும் வழியில் ஹபரணையில் கார் சூடேறி நின்றுவிட்டது. மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய லொறி ஒன்றில், ஐஸ் போட்ட பிளாஸ்க்கை மடியில் வைத்தபடி வந்து சேர்ந்தார். லொறிக்காரன் என்ன சாதி என்று விசாரிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் டொக்டர் ஊசியைப் போட்டு முடித்தார்.

“ஒரு துளியும் மிஞ்சாதுதானே, டொக்டர்?”

“மிஞ்சாது, ஐயா. நல்ல வேளைக்குக் கொண்டுவந்தியள்.”

கட்டிலருகே நின்ற ஞானசேகரத்தைச் சிவகுருநாதன் வெற்றியோடு பார்த்தார்.

“கேட்டியோ? எல்லாம் துடைச்சாச்சு. எழும்பு பிள்ளை, வீட்டை போவம்.”

பூரணி எழுந்து உட்கார்ந்து, தகப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“இந்த ஊசி இல்லாட்டி, நான் இவருக்குப் பெறப்போற அடுத்த பிள்ளையை என்ர ரத்தமே அழிக்கப் பார்த்திருக்குமாம், அப்பா. நீங்கள்தான் அதைக் காப்பாத்தித் தந்திருக்கிறியள்.”