மார்கழி வாசல்

பாலத்து இறக்கத்தில் வழுக்காமல், டிராம் தண்டவாளத்தில் மாட்டாமல், ரோட்டில் மினுங்கிய ஒவ்வொரு கறுப்புத் திட்டையும் பனிக்கட்டியோ என்று பயந்து பயந்து சைக்கிள் ஓட்டி இரவு வேலை முடித்து விடியலில் திரும்பிய பொற்கொடி, சொந்த வீட்டு வாசலில் குப்புற விழுந்தாள். முழங்கால் கிழிந்தது. கையூன்றி எழப் பார்த்தபோதுதான் கண்டாள்: தெளித்த தண்ணீர் கண்ணாடியாய் உறைந்திருக்க, அதற்குள் ஒரு புள்ளிகூடக் கலையாத கோலம்.

“மார்கழி பொறந்தாச்சே, வாசலைச் சும்மா விடலாமா?” என்றாள் நேற்றுதான் ஊரிலிருந்து வந்திறங்கிய மாமியார், கையில் மிச்சத் தண்ணீர் வாளியோடு.

பொற்கொடி நொண்டிக்கொண்டே உள்ளே போய் உப்பு ஜாடியைத் தூக்கிவந்தாள்.

“ஐயையோ, வாசல்ல உப்பைக் கொட்டாதடி! மகாலட்சுமிடீ!”

“இந்த ஊர்ல அவளை லாரி லாரியா ரோட்டுல கொட்டுறாங்க அத்தை! இல்லேன்னா ஒருத்தனும் வீடு போய்ச் சேரமாட்டான்!”

கத்திக்கொண்டே அள்ளி அள்ளி வீசினாள். உப்பு விழுந்த இடமெல்லாம் பனிக்கட்டி பொரிந்து விரிசல் விட்டது. கோலம் இளகியது. ஜாடி காலியானதும் மூச்சு வாங்க நிமிர்ந்தாள்.

“கால் படுற எடத்துல உப்பு கெடக்கலாமா?” என்று முணுமுணுத்தபடி மாமியார் வாளியைச் சாய்த்தாள்.