காயும் கல்

பர்கூர் குவாரியில் காலை பத்து மணி வெயில். லாரி உயரத்துக்கு நிற்கும் இளஞ்சிவப்புக் கல்லின் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. அது புது விரிசல் என்றால், துளை போட்டு வெடிமருந்து வைத்த சென்னகிருஷ்ணனுக்கு நாளை முதல் வேலை இல்லை. அவரே குடத்துத் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றுகிறார். புது விரிசல் தண்ணீரைக் குடிக்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அது மட்டும் ஈரமாக நிற்கும். "மருந்த அள்ளிக் கொட்டினா கல்லு என்னய்யா பண்ணும்?" என்கிறார் சூப்பர்வைசர் ஹரீஷ்குமார். சென்னகிருஷ்ணன் கட்டைவிரலால் குடத்தின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். துளைக் கருவியின் கம்ப்ரசர் நின்றிருப்பதால் எங்கோ ஆடு கத்துவதுகூடக் கேட்கிறது. ஓரங்களிலிருந்து ஈரம் சுருங்குகிறது. கோடும் மற்ற இடத்தோடு சேர்ந்தே வெளுக்கிறது. கல் வாங்க வந்த கம்பெனியின் புவியியலாளர் அனிதா அதன்மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கிறார். நகம் எங்கும் சிக்கவில்லை. "இது ரொம்பப் பழசுங்க. பூமியோட பாறைத் தட்டு ரெண்டு மோதினப்போ உடைஞ்சு, உள்ளயே வெள்ளைக்கல் ஊறி மூடிக்கிச்சு. இருநூறு கோடி வருஷத்துக்கு மேல இருக்கும்."

"இப்பவும் மோதுதுங்களா மேடம்?" என்கிறார் சென்னகிருஷ்ணன்.

"நாம நிக்கற தட்டு வருஷத்துக்கு மூணு விரக்கடை வடக்கால நகருது. அது முட்டறதாலதான் இமயமலை இன்னும் வளருது."

சென்னகிருஷ்ணன் சூப்பர்வைசர் பக்கம் திரும்புகிறார். "கேட்டுக்கங்க சார். இந்தக் கல்லு உடைஞ்ச ஷிப்டுல நான் இல்லீங்க."

ஹரீஷ்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, துளை போட அடுத்த பாறையைக் காட்டுகிறார்.