ஜனவரி வரைக்கும்

"யாருங்க அது? கிட்ட வந்து பேசுங்க. எனக்குக் கண்ணு தெரியாது."

கதவைத் தட்டியவர் ஒரு கணம் தடுமாறினார். கையில் துண்டுப் பிரசுரங்கள், முகத்தில் ஓட்டுக் கேட்க வருபவர்களுக்கே உரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு இங்கே செல்லாது என்று புரிந்ததும் அதைக் கலைத்துக்கொண்டார்.

"ஹாலிஸ்டர் பிரசாரத்துக்காக வந்திருக்கோம்மா. தேர்தலுக்கு ரெண்டு வாரம்தானே இருக்கு..."

"அவரோட ஆளா?"

வந்தவர் வாயைத் திறந்தார், மூடினார். "ஆமாம்மா" என்றார்.

"உள்ள வாப்பா. குளிர்காத்து அடிக்குது."

கூட வந்தவர்கள் எதிர்ச்சாரியில் கதவு தட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்து ஏறியதற்குக் காரணம் இருந்தது. அந்தத் தெருவிலேயே வாசல் புல்தரையில் ஹாலிஸ்டர் பெயர்ப் பலகை நின்றது இங்கே மட்டும்தான். போன தேர்தலில் நட்டது. இரண்டு வருடத்து வெயிலிலும் பனியிலும் நீலம் வெளுத்துப்போயிருந்தது. நிச்சயமான ஓட்டு, ஐந்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் படியேறினார்.

வெர்னாவுக்கு எழுபத்தெட்டு வயது. சுவரைத் தடவிக்கொண்டே சமையலறைக்கு நடந்தாள். கோப்பையின் விளிம்புக்குள் ஒரு விரலை வைத்துக்கொண்டு காபி ஊற்றினாள். சூடு விரலைத் தொட்டதும் நிறுத்தினாள்.

"ஆப்பிள் கேக் இருக்கு, எடுத்துக்கோ. உங்க ஹாலிஸ்டர் இதே நாற்காலியில உட்கார்ந்து ரெண்டு துண்டு சாப்பிட்டாரு."

"அப்படியா?"

"சாப்பிட்டுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'ஜனவரி ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கோங்கம்மா, வயசானவங்க மருந்து விலையைப் பாதியாக்கிக் காட்டறேன்'னாரு. எனக்குக் கண்ணுல அழுத்தம். தினம் ராத்திரி சொட்டு மருந்து விடணும். ஒரு பாட்டில் வாங்கினா அந்த மாசம் வீட்டு ஹீட்டருக்குக் கட்ட முடியாது. அதான் ஜனவரி வரைக்கும் ஓட்டிடலாம்னு, ரெண்டு நாளைக்கு ஒரு சொட்டுன்னு விட்டேன்."

கேக்கை வாயருகே கொண்டுபோனவர் அதைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஜனவரி வந்துச்சு. விலை இறங்கல. அடுத்த ஜனவரின்னு ரேடியோவுல சொன்னாரு. மூணு நாளைக்கு ஒரு சொட்டு விட்டேன்."

"டாக்டர்கிட்ட சொல்லலையாம்மா?"

"வெட்கமா இருந்துச்சுப்பா. காசில்லாம மருந்தைக் குறைச்சேன்னு எப்படிச் சொல்றது? தினமும் விடறேன்னு பொய் சொன்னேன். அந்தப் பொய் என்னோடது. அதைக் கொண்டுபோய் அவர் தலையில கட்ட மாட்டேன்."

வந்தவர் தொண்டையைச் செருமினார். "மசோதா மேல்சபையில தோத்துப்போச்சும்மா. அவரால முடிஞ்சதைச் செஞ்சாரு."

"செஞ்சிருப்பாரு. முடியலைன்னா முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நான் ஹீட்டரை அணைச்சுட்டு ரெண்டு கம்பளியைப் போர்த்திக்கிட்டுப் பாட்டிலை வாங்கியிருப்பேன்."

வெர்னா கோபமாகப் பேசியிருந்தால் வந்தவர் சமாளித்திருப்பார். கோபத்துக்குப் பதில் சொல்லப் பழகியவர்தான் அவர். இந்தக் குரலில் கோபமே இல்லை. மேசைமேல் வைத்திருந்த பிரசுரத்தில் 'இந்த ஜனவரி முதல்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பார்க்க அங்கே யாருமில்லை. ஆனாலும் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"என் கதை போகட்டும்" என்றாள் வெர்னா. "பக்கத்து வீட்டு ஓபலுக்குப் போன மாசம் நெஞ்சுவலி வந்துச்சு. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. கடையில விலையைக் கேட்டுட்டு வெறுங்கையோட திரும்பிட்டா. 'ஜனவரியில பாதி விலைதானே, ஹாலிஸ்டரே சொல்லிட்டாரே'ங்கிறா."

"நீங்க எடுத்துச் சொல்லலாமே?"

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. 'போன தடவை வீடு வீடாப் போய் அவருக்காகப் பேசினவ நீதானே வெர்னா'ங்கிறா. உண்மைதானே? அவளை நம்ப வெச்சதே நான்தான். அதை நினைச்சா எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. இனிமே அந்த ஹாலிஸ்டரே வந்து, காத்திருக்காதீங்க, இன்னிக்கே வாங்கிச் சாப்பிடுங்கன்னு சொன்னாத்தான் கேட்பா."

"அவர்கிட்ட... கண்டிப்பாச் சொல்லிடறேன்மா."

"உன் பேர் என்னப்பா?"

"ரே" என்றார் வந்தவர். சொன்ன மறுநிமிடமே காதுவரை சூடேறியது. கண் தெரியாத ஒருத்தியிடம் இப்படி நடந்துகொள்கிறோமே என்று கூசினார். போய்விட்டால் போதும் என்றிருந்தது.

"ரேவா? நல்ல பேரு" என்றாள் வெர்னா.

வாசல்வரை வந்தவருக்கு அதற்குமேல் மனம் கேட்கவில்லை. ஏதாவது ஒன்றையாவது சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

"அம்மா, முன்னாடி அந்தப் பலகை இன்னும் நிக்குது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நான் பிடுங்கி எடுத்துட்டுப் போயிடட்டுமா?"

"தாராளமா எடுத்துட்டுப் போ, இனிமே அதுக்கு வேலையில்ல" என்றாள் வெர்னா. "புல்லு வெட்ட வர்றவன் ஒவ்வொரு தடவையும் பிடுங்கிடவான்னு கேட்டான், நான்தான் விடல. அது இருந்தாத்தானே நீ இந்தப் படியேறுவே? ரேடியோவுல தினம் பத்துத் தடவை கேட்கிற குரலை வாசல்லயே அடையாளம் தெரியாமப் போகுமா? ஓபல் வீட்டுலதான் இருக்கா. போய் உன் வாயாலயே சொல்லிட்டு வா, ஹாலிஸ்டர்."