இரண்டே முக்கால் கிலோ

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இரும்பால் வளர்ந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கையகலக் கதைதான்.

அந்த வீட்டுக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு எடைமேடையின் ஓரத்தில் நின்றாள்.

புதுசு. லாரியோடு சேர்த்து எண்பது டன் நிறுக்கலாம்.

கணவன் முன்பே ஏறி நின்றிருந்தான்.

அந்த வீட்டு வழக்கம் அது. புதுத் தராசு எது வந்தாலும், இரும்புக்கு முன் வீட்டு மனுசர்கள் ஏற வேண்டும்.

முதல் தராசு வந்தபோது வெறும் தகரக் கொட்டகை. அவன் தகடு வெட்டுவான், அவள் அடுக்குவாள். பத்து நாள் பிள்ளை எழிலனைத் துணி விரித்துத் தட்டில் கிடத்தினார்கள்.

இரண்டே முக்கால் கிலோ.

"நம்ம கம்பெனியோட மொத சரக்குடி!" என்றான் கணவன். அவள் அடிக்கக் கை ஓங்கினாள்.

இரண்டாம் தராசில் மூவரும் ஏறினார்கள். எழிலனுக்கு மீசை அரும்பியிருந்தது.

கொட்டகை ஆலையானது. தகட்டுச் சுருள்கள் டிரெய்லரில் வந்தன. ஒவ்வொன்றும் பதினைந்து டன். வைக்க இடம் போதவில்லை. உருளாமல் இருக்க அடியில் செருகும் கட்டைகளும் போதவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள்தானே. அப்படியே எறக்குங்க" என்றான் கணவன்.

சுருள் உருண்ட பக்கம் எழிலன் நின்றிருந்தான்.

அவன் போய் ஒன்பது மாதம். கணவனோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுவாள். உள்ளே போய்விடுவாள்.

இன்று புதுத் தராசின் பூசைக்குத்தான் வந்தாள். ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வந்தாள்.

அவனும் அவளைக் கூப்பிடவில்லை. கண்ணாடி அறையில் இருந்த எடைக்காரனிடம் கேட்டான்.

"தம்பி, இதுல ரெண்டே முக்கா கிலோ வெச்சா காட்டுமா?"

எடைக்காரன் சிரித்துவிட்டான். "இதென்ன காய்கறிக் கடைத் தராசுங்களா, மொதலாளி? இருவது கிலோவாச்சும் ஏறோணும். அப்பத்தான் நம்பரே அசையும்."

கணவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அவள் ஏறினாள்.

ஒட்டி நிற்கவில்லை. நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றாள்.

நூற்று இருபது என்று காட்டியது பலகை.

வாசலில் முதல் டிரெய்லர் ஹாரன் அடித்தது. இருவரும் இறங்கவில்லை.

நல்லா இருங்கள், மக்களே. உங்கள் வாசல் ஏறி வருகிற எதுவும் உங்கள் பிள்ளையைவிடக் கனத்துப் போகாமல் இருக்கட்டும்.