ஓனர் நம்பர்

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்தைப் பார்த்து நின்றன, ஒன்றும் நகரவில்லை. கீழே இறங்கிய பக்ருதீனிடம், பின்னால் நின்ற லாரியின் டிரைவர் பாரி பேச்சுக் கொடுத்தான்.

“இன்னா மாமு, மூஞ்சி தொங்கிக் கீது?”

“இந்த மாசமும் டிரைவர் சம்பளம் இல்லப்பா.”

“ஓனர் இன்னா சொல்றான்?”

“டீசல், டியூ, இன்சூரன்ஸ், வருமான வரின்னு எல்லாத்துக்கும் கட்டுறான். சம்பளம்னா மட்டும் கைய விரிக்கிறான்.”

“வேற வண்டிக்குப் போய்டு.”

“இத்த வுட்டுட்டு எங்க போறது?”

“நீ ஒரு வாயில்லாப் பூச்சி. இரு, நான் கேக்குறேன் அவன!”

“வேணாம்ப்பா...”

பாரி விடவில்லை. பக்ருதீனுடைய லாரியின் முதுகில் பெயிண்டில் எழுதியிருந்த ஓனர் நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினான்.

பக்ருதீனின் சட்டைப்பையில் போன் அடித்தது.